மாநில நீதிமன்றமே செல்லாது என்று சொன்ன நகராட்சிக் கடனை எப்படிக் கட்ட வைத்தார்கள்?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான். அமெரிக்காவில் ஐயோவா மாநிலத்தின் டுபூக் நகராட்சி 1850-களில் ரயில் பாதைக்காகப் பாண்டு போட்டுக் கடன் வாங்கியது. அப்படிக் கடன் வாங்க உள்ளாட்சிகளுக்கு அதிகாரமே கிடையாது என்று அந்த மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் 1862-ல் சொல்லிவிட்டது. அப்படியிருந்தும் 1864-ல் வாஷிங்டனில் உள்ள உச்ச நீதிமன்றம் ‘கெல்ப்கே எதிர் டுபூக் நகரம்’ வழக்கில் பாண்டு செல்லும், பணத்தைக் கொடு என்றது. மாநிலச் சட்டத்துக்கு என்ன பொருள் என்று சொல்ல மாநில நீதிமன்றத்துக்குத்தானே கடைசி உரிமை, அப்புறம் இது எப்படி நடந்தது என்கிறீர்கள். கடைசி வரியில் போகிற போக்கில் ‘சரி, பணம் வந்து சேர்ந்ததா?’ என்றும் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அந்தக் கடைசி வரிதான் பெரிய கேள்வியாகப் படுகிறது, அதனால் முதல் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு அதில் கொஞ்சம் அதிக நேரம் நிற்கிறேன்.

முதலிலேயே ஒன்று. நான் இங்கே சிவில் பக்கம், அதிலும் பாதிக்கு மேல் கடன் வசூலும் நிறைவேற்று மனுவுமாகக் காலம் தள்ளுகிற வக்கீல். அமெரிக்கச் சட்டம் எனக்குப் படித்துத் தெரிந்ததுதான், அங்கே தொழில் செய்ததில்லை. தீர்ப்பில் இருப்பது எது, என் அனுமானம் எது என்பதை அந்தந்த இடத்தில் பிரித்துச் சொல்லிவிடுகிறேன்.

டுபூக் மிசிசிப்பி ஆற்றின் மேற்குக் கரையில் இருக்கும் ஊர், ஈயச் சுரங்கத்தால் வளர்ந்தது. 1855-ல் இல்லினாய் சென்ட்ரல் ரயில் கிழக்கிலிருந்து வந்து ஆற்றுக்கு அந்தக் கரையோடு நின்றுவிட்டது. இந்தக் கரையில் இருப்பவர்களுக்குத் தண்டவாளம் கண்ணுக்குத் தெரிகிறது, கைக்கு எட்டவில்லை. தெற்கே டேவன்போர்ட்டில் 1856-ல் மிசிசிப்பிக்கு மேல் முதல் ரயில் பாலமே வந்துவிட்டது. ரயில் எந்த ஊர் வழியாகப் போகிறதோ அந்த ஊர் பிழைக்கும், மற்ற ஊர்கள் காய்ந்து போகும் என்று எல்லோரும் நம்பிய காலம், அந்த நம்பிக்கை பெரிய தவறும் இல்லை. ரயில் கம்பெனிகளிடம் முதல் இல்லை, ஊர்களிடமும் ரொக்கம் இல்லை. ஆனால் ஊருக்கு வரி போடும் அதிகாரம் இருந்தது, அதை வைத்துக் கடன் வாங்கலாம். அதனால் வாக்கெடுப்பு நடத்தி, நகராட்சி பாண்டு அச்சடித்து, அதை ரயில் கம்பெனிக்குக் கொடுத்துப் பதிலுக்குக் கம்பெனியின் பங்குகளை வாங்கிக்கொள்ளும். கம்பெனி அந்தப் பாண்டை நியூயார்க்கில் கிடைத்த விலைக்கு விற்று, வந்த பணத்தில் பாதை போடும். பாதை வந்தால் பங்கில் லாபம் வரும், அதிலேயே வட்டியைக் கட்டிவிடலாம், வரியே போட வேண்டியிருக்காது என்று மேடை போட்டுச் சொன்னார்கள். எத்தனை சீட்டுக் கம்பெனி வழக்கில் இதே கணக்கை நான் பார்த்திருக்கிறேன்!

அந்தப் பாண்டு காகிதம் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொண்டால் வழக்கு பாதி புரிந்துவிடும். மேலே நகரத்தின் பெயர், முத்திரை, மேயரின் கையெழுத்து. இன்ன சட்டத்தின்படி, மக்கள் வாக்கெடுப்பின்படி வெளியிடப்பட்டது என்று ஒரு வாசகம். வைத்திருப்பவருக்குப் பணம் தரப்படும் என்று போட்டிருக்கும், பெயர் இருக்காது. கீழே வரிசை வரிசையாகச் சின்னக் கூப்பன்கள், ஒவ்வொன்றிலும் வட்டித் தொகையும் தேதியும். தேதி வந்ததும் கத்தரியால் அந்தக் கூப்பனை வெட்டிக் கொடுத்து வட்டி வாங்கிக்கொள்ளலாம். ஒவ்வொரு கூப்பனும் தனித்தனியாக வழக்குப் போடத் தகுந்த பத்திரம். கெல்ப்கே வழக்கே அசலுக்காக வந்ததில்லை, கட்டாமல் விட்ட கூப்பன் வட்டிக்காக வந்தது. இந்தக் காகிதம் கைமாறிக் கைமாறிக் கடைசியில் யாரிடம் இருக்கிறதோ அவருக்கு டுபூக் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரிந்திருக்காது. அவர் பார்ப்பது முத்திரை, கையெழுத்து, சட்டப்படி என்ற அந்த வாசகம், இவ்வளவுதான். ‘நீங்களே எழுதிக் கொடுத்த வாசகத்தை நம்பி வாங்கிய அப்பாவியிடம், வாக்கெடுப்பில் குளறுபடி என்று இப்போது சொல்லக் கூடாது’ என்ற கருத்தை வாஷிங்டன் உச்ச நீதிமன்றம் 1859-லேயே இண்டியானாவின் நாக்ஸ் கவுண்டி (கவுண்டி என்பது நம் மாவட்டம் மாதிரி) வழக்கில் சொல்லியிருந்தது. ஆனால் அங்கே பிரச்சினை நடைமுறைக் குறை. டுபூக்கில் அது அதிகாரமே இல்லை என்ற அளவுக்குப் போனது.

ஐயோவாவின் 1846-ம் வருட அரசியல் சட்டம் மாநிலத்தின் கடனுக்கு 1,00,000 டாலர் என்று உச்சவரம்பு வைத்திருந்தது. மாநில அரசு எந்தக் கம்பெனியிலும் நேராகவோ சுற்றி வளைத்தோ பங்குதாரராகக் கூடாது என்றும் சொன்னது. மாநிலமே செய்யக் கூடாததை, மாநிலம் உண்டாக்கிய கவுண்டியும் நகராட்சியும் செய்யலாமா? 1853-ல் இந்தக் கேள்வி முதன்முதலில் வந்தபோது மாநில உச்ச நீதிமன்றம் செய்யலாம் என்றது. சாலை, பாலம் போடக் கவுண்டி மக்களிடம் வாக்குக் கேட்டுச் செலவு செய்யலாம் என்று சட்டத் தொகுப்பில் ஒரு பிரிவு இருந்தது, ரயில் பாதையும் ஒரு சாலைதான் என்று வைத்துக்கொண்டார்கள். அப்போதே ஒரு நீதிபதி ஒத்துக்கொள்ளவில்லை. அடுத்தடுத்து வந்த வழக்குகளிலும் இதே முடிவுதான், அதை நம்பித்தான் மாநிலம் முழுக்கப் பாண்டு வெளியானது. 1857-ல் அமெரிக்கா முழுக்கப் பொருளாதாரம் சரிந்தது. கம்பெனிகள் படுத்தன, பல ஊர்களில் பாதை பாதியில் நின்றது, சில ஊர்களில் ஆரம்பிக்கவே இல்லை. பங்குப் பத்திரம் வெற்றுக் காகிதமானது, பாண்டுக் கடன் மட்டும் அப்படியே நின்றது. அதே 1857-ல் வந்த ஐயோவாவின் புது அரசியல் சட்டம் மாநில உச்ச நீதிமன்ற நீதிபதிகளை மக்களே தேர்ந்தெடுக்கட்டும் என்றும் ஆக்கிவிட்டது. 1859-லிருந்து நீதிமன்றத்தின் தொனி மாறத் தொடங்கி, 1862-ல் வாபெல்லோ கவுண்டி வழக்கில் பழைய தீர்ப்புகளையெல்லாம் தள்ளிவிட்டு, உள்ளாட்சிக்கு இந்த அதிகாரம் எப்போதுமே இருந்ததில்லை என்று முடித்தார்கள்.

நீதிபதிகள் வாக்காளர்களுக்குப் பயந்து மாற்றினார்களா என்று கேட்டால், இது அனுமானத்தின் எல்லைக்குள் வரும் விஷயம். தேர்தல் முறை வந்தது, கடன் கொடுத்தவர்கள் மீது ஊரெல்லாம் கோபம் இருந்தது, தீர்ப்பு மாறியது, இந்த மூன்றும் உறுதி. மூன்றையும் காரண காரியமாகக் கோத்தால் கதை அழகாக வரும். ஆனால் 1862 தீர்ப்பைச் சட்ட வாதமாக மட்டும் படித்தாலும் அது பலவீனமானதில்லை. என்னைக் கேட்டால் 1853 தீர்ப்பைவிட இதுதான் பொருத்தமான வாசிப்பு, ஒன்பது வருஷம் தாமதமாக வந்தது என்பதுதான் கோளாறு.

டுபூக் பாண்டை வைத்திருந்த கெல்ப்கே தரப்பு மாநில நீதிமன்றத்துக்குப் போகவில்லை. போனால் என்ன கிடைக்கும் என்று தெரியும். வழக்காடுகிற இருவரும் வெவ்வேறு மாநிலத்தவர் என்றால் கூட்டாட்சி நீதிமன்றத்துக்கு, அதாவது மாநிலத்தைச் சேராத மத்திய நீதிமன்றத்துக்கு, போகலாம் என்று அமெரிக்காவில் ஒரு வழி உண்டு. உள்ளூர் நீதிமன்றம் வெளியூர்க்காரனுக்கு ஓரவஞ்சனை செய்துவிடும் என்ற பயத்தில் வைத்த வழி. இவர்கள் நியூயார்க் வங்கிக்காரர்கள், அதனால் அந்த வாசல் திறந்திருந்தது. கீழ்க் கூட்டாட்சி நீதிமன்றம் மாநிலத் தீர்ப்பைப் பின்பற்றி நகராட்சி பக்கமே தீர்ப்புச் சொன்னது. மேல்முறையீட்டில் நீதிபதி நோவா ஸ்வேன் அதைப் புரட்டிப் போட்டார். மாநிலச் சட்டத்துக்கு மாநில நீதிமன்றம் சொல்லும் பொருளை ஏற்பதுதான் வழக்கம் என்று அவரே ஒப்புக்கொள்கிறார், உடனே விதிவிலக்குகளும் உண்டு என்கிறார். மாநில நீதிமன்றம் இப்படி ஊசலாடும் ஒவ்வொரு முறையும் நாங்களும் கூடவே ஆட வேண்டும் என்று எதிர்பார்க்கக் கூடாது என்கிறார். பிறகு வருகிறது பிரபலமான அந்த வரி, தோராயமாக இப்படி: மாநில நீதிமன்றம் ஒன்று பலிபீடம் எழுப்பிப் பலியிடச் சொல்லிவிட்டது என்பதற்காக உண்மையையும் நீதியையும் சட்டத்தையும் நாங்கள் ஒருபோதும் பலிகொடுக்க மாட்டோம். ஆவேசம் சரிதான், ஆனால் ஒரு நீதிபதி இவ்வளவு உரக்கப் பேசினால் காரணத்தில் எங்கோ ஓட்டை இருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றும்.

தீர்ப்பின் சாரம் இவ்வளவுதான். ஒப்பந்தம் போட்ட அன்று, அரசின் எல்லாக் கிளைகளும் சொன்னபடி அது செல்லும் என்றால், பிறகு நீதிமன்றம் மனம் மாறினாலும் பழைய ஒப்பந்தம் கெடாது. ஐயோவாவின் புதுத் தீர்ப்பு இனிமேல் வரும் பாண்டுகளுக்கு எப்படியோ, போனதைத் தொடாது.

மாறுபட்டவர் ஒரே ஒருவர், சாமுவேல் மில்லர். அவர் ஐயோவாக்காரர், ஆற்றோரத்தில் இன்னும் தெற்கே இருக்கும் கியோகக் ஊரில் வக்கீலாக இருந்தவர், அதற்கும் முன்னால் மருத்துவர். லிங்கன் 1862-ல் ஸ்வேன், மில்லர் இரண்டு பேரையும் நியமித்தார். மில்லரின் வாதம் நேரானது. நீதிமன்றம் சட்டத்தை உண்டாக்குவதில்லை, இருக்கிற சட்டம் என்ன என்றுதான் சொல்கிறது. அந்த அதிகாரம் இருந்ததே இல்லை என்று மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டால், பாண்டு பிறக்கும்போதே உயிரில்லாமல் பிறந்ததுதான். நீங்கள் செய்யப்போவது என்ன தெரியுமா என்று சக நீதிபதிகளைக் கேட்டார்: ஒரே எல்லைக்குள் இரண்டு நீதிமன்றம், ஒரே சட்டம், ஒரே உரிமை, ஒன்றில் செல்லாது, இன்னொன்றில் செல்லும், இரண்டுக்கும் பொதுவான நடுவரும் கிடையாது. டுபூக் பாண்டு வைத்திருக்கும் டுபூக்காரர் மாநில நீதிமன்றத்துக்குத்தான் போக முடியும், அவருக்குக் காசு இல்லை. அதே பாண்டை நியூயார்க்காரர் வைத்திருந்தால் முழுப் பணம். உள்ளூர்க்காரர்கள் வெளி மாநிலத்தவருக்குப் பாண்டை விற்றுவிட்டு அவர் பெயரில் வழக்குப் போடுவதுதான் இதற்கு இயல்பான பதிலாக இருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

யார் சொன்னது சரி? என் தீர்மானம்: சட்டம் மில்லர் பக்கம், நியாயம் ஸ்வேன் பக்கம். ஒன்பது வருஷம் செல்லும் செல்லும் என்று சொல்லிக் கடன் வாங்கவிட்டு, கட்ட வேண்டிய நேரத்தில் செல்லாது என்பதை எந்தப் பஞ்சாயத்தும் ஒத்துக்கொள்ளாது. ஆனால் நியாயத்துக்கு ஒரு சட்டப் பிடிமானம் வேண்டுமே, அதை ஸ்வேன் தெளிவாகக் காட்டவே இல்லை. அது எது என்பதில்தான் அமெரிக்க அறிஞர்கள் இன்றுவரை அடித்துக்கொள்கிறார்கள். ஒப்பந்தக் கடப்பாட்டைக் குலைக்கும் சட்டம் எதையும் மாநிலம் இயற்றக் கூடாது என்று அமெரிக்க அரசியல் சட்டத்தில் ஒரு விதி உண்டு, பலர் அதுதான் அடிப்படை என்பார்கள். அந்த விதி சட்டசபை போடும் சட்டத்தைப் பற்றியது, தீர்ப்பைப் பற்றியது அல்ல, இதை அந்த நீதிமன்றமே 1924-ல் ஒரு வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. இன்னொரு விளக்கம், 1842-ன் ‘ஸ்விஃப்ட் எதிர் டைசன்’ தீர்ப்பைப் பிடித்துக்கொள்வது. வணிகச் சட்டம் போன்ற பொது விஷயங்களில் கூட்டாட்சி நீதிமன்றம் தன் சொந்தப் புத்தியில் முடிவெடுக்கலாம் என்றது அது. பாண்டு என்பது வணிகப் பத்திரம் என்ற வகையில் இது பொருந்துகிற மாதிரித் தெரியும். ஆனால் நகராட்சிக்கு அதிகாரம் உண்டா இல்லையா என்பது வணிகச் சட்டக் கேள்வியே இல்லை, அந்த மாநிலத்தின் அரசியல் சட்டக் கேள்வி. போதாக்குறைக்கு ஸ்விஃப்ட் தீர்ப்பையே 1938-ல் தள்ளிவிட்டார்கள். ஆகையால் கெல்ப்கே என்ன முடிவு சொன்னது என்பது உறுதி, எந்த விதியின் கீழ் சொன்னது என்பது சந்தேகம், இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருந்தால் போதும்.

இங்கே நமக்கு ஒரு தொடர்பு இருக்கிறது. பழைய தீர்ப்பைத் தள்ளுகிறேன், ஆனால் இனிமேலுக்கு மட்டும், அதை நம்பி நடந்தவை அப்படியே இருக்கட்டும் என்று சொல்வதைப் ப்ராஸ்பெக்டிவ் ஓவர்ரூலிங் என்போம். 1967-ல் கோலக்நாத் வழக்கில் தலைமை நீதிபதி சுப்பா ராவ் அமெரிக்க நடைமுறையிலிருந்து எடுத்து இந்தியாவில் நுழைத்தது. அந்தக் கருத்து அமெரிக்காவில் எங்கே முளைவிட்டது என்று தேடிப் போனால் வழியில் கெல்ப்கே கண்டிப்பாக வரும். எங்கள் சட்டக் கல்லூரியில் கோலக்நாத்தை வரி வரியாக நடத்தினார்கள், அதன் பின்னால் ஒரு ரயில் கடன் கதை இருப்பதை ஒருவரும் சொல்லவில்லை.

பணக்காரர் பக்கம் சாய்ந்த நீதிமன்றம் என்று இதை ஒரே வரியில் முடித்துவிடுகிறவர்களும் உண்டு. பாதி உண்மை. அடுத்த முப்பது வருஷத்தில் நூற்றுக்கணக்கான பாண்டு வழக்குகள் அங்கே வந்தன, பெரும்பாலும் பாண்டுக்காரர்தான் ஜெயித்தார். ஆனால் எப்போதும் இல்லை. 1875-ல் கன்சாஸின் டொபீகா நகரம் ஓர் இரும்புப் பாலத் தொழிற்சாலைக்கு உதவப் போட்ட பாண்டு செல்லாது என்றார்கள், தனியார் லாபத்துக்காக வரி போட முடியாது என்று எழுதியவர் இதே மில்லர். ரயில் பொதுப் பயன், தொழிற்சாலை தனியார் பயன் என்று ஒரு கோடு. கோடு எவ்வளவு நேரானது என்பது வேறு விஷயம்.

இனி வசூலுக்கு வருகிறேன். 1872-ல், ஏறக்குறைய இதே காலத்தில், அன்று இந்திய வழக்குகளுக்குக் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் ஓர் இந்திய வழக்கில், இந்தியாவில் வழக்காடுகிறவனின் கஷ்டமே டிக்ரி (தீர்ப்பாணை) வாங்கிய பிறகுதான் தொடங்குகிறது என்ற பொருளில் எழுதியது. நிறைவேற்று மனு போட்டு வருஷக்கணக்கில் அமீனா பின்னால் அலைந்த எவரும் அதை மறுக்க மாட்டார்கள். அமெரிக்கப் பாண்டுக்காரருக்கு அதைவிட மோசம். விபத்து நஷ்ட ஈடு கட்டாததற்கு இங்கே கோர்ட் அரசு பஸ்ஸை ஜப்தி செய்து கொண்டுவந்து நிறுத்துவதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே அது நடக்காது, கோர்ட் கட்டடம், தெரு, தீயணைப்பு வண்டி போன்ற பொதுச் சொத்தைத் தொட முடியாது என்பது பொது விதி. நகரத்திடம் மிச்சம் இருப்பது வரி போடும் அதிகாரம் மட்டும். ஆகவே வழி ஒன்றுதான்: இத்தனை டாலருக்கு வரி விதி, வசூலி, கொடு என்று அதிகாரிகளுக்கு மாண்டமஸ் ரிட், அதாவது கடமையைச் செய் என்று நீதிமன்றம் இடும் ஆணை. மீறினால் அவமதிப்பு, அபராதம், சிறை.

இதிலும் முதல் சுற்று பாண்டுக்காரருக்குத்தான். பாண்டு போட்ட பிறகு வரி வரம்பைக் குறைத்துத் தப்பிக்க முயன்றது இல்லினாயின் குவின்சி. வரி போடுவேன் என்பதும் ஒப்பந்தத்தின் பகுதிதான், அதைப் பின்னால் குறைப்பது செல்லாது என்று 1867-ல் தீர்ப்பு. ஐயோவாவின் ஜான்சன் கவுண்டியில் மாநில நீதிமன்றம் வரி போடாதே என்று தடையாணை கொடுத்தது, கூட்டாட்சி நீதிமன்றம் போடு என்றது. நடுவில் மாட்டிக்கொண்ட கவுண்டி அதிகாரி யார் பேச்சைக் கேட்பது? போடு என்றவர் பேச்சை என்று 1868-ல் முடிவானது. மில்லர் முன்கூட்டிச் சொன்ன மோதல் அப்படியே வந்து நின்றது. அன்று உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஆளுக்கொரு சரகத்தில் கீழ்க் கூட்டாட்சி வழக்குகளையும் கேட்பார்கள், வேடிக்கை என்னவென்றால், ஐயோவா அடங்கிய சரகம் மில்லருடையது. தான் ஏற்காத தீர்ப்பை, தன் மாநிலத்து விவசாயிகள் மேல், தானே நிறைவேற்ற வேண்டி வந்தது. தன் நீதிபதி வாழ்க்கையிலேயே தன்னை மிகவும் வருத்திய விஷயம் இதுதான் என்று 1878-ல் உறவினருக்கு எழுதிய கடிதத்தில் புலம்பியிருக்கிறார், பாண்டு விஷயத்தில் சக நீதிபதிகளுக்கு வெறி பிடித்திருக்கிறது என்றும் கிட்டத்தட்ட அந்த வார்த்தைகளிலேயே.

அடுத்த சுற்றில் ஊர்கள் புத்திசாலியாகிவிட்டன. ரிட் யார் கையில் கொடுக்கப்படும்? கவுன்சிலர்கள் கையில். கவுன்சிலர்களே இல்லாவிட்டால்? விஸ்கான்சினின் வாட்டர்டவுனில் ரிட்டைக் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் பெரும்பான்மை உறுப்பினர்கள் ராஜினாமா செய்துவிடுவார்கள். மறுபடி தேர்தல், மறுபடி ரிட், மறுபடி ராஜினாமா. பொறுமை இழந்த பாண்டுக்காரர், நீதிமன்றமே மார்ஷலை (கூட்டாட்சி நீதிமன்ற ஆணையை நிறைவேற்றும் அதிகாரியை) அனுப்பி ஊராரின் சொத்தை எடுத்துக் கடனை அடைக்கட்டும் என்று கேட்டார். 1874-ல் உச்ச நீதிமன்றம் முடியாது என்றது: வரி போடுவது சட்டசபையின் வேலை, நீதிமன்றத்தின் வேலை அல்ல. உண்மை, நீதி, பலிபீடம் என்று பேசிய அதே நீதிமன்றம்தான். பாண்டுக்காரர் கையில் அருமையான ஒரு தீர்ப்பு இருந்தது, காசு இல்லை.

மெம்ஃபிஸ் இன்னும் ஒரு படி மேலே போனது. 1878-ல் மஞ்சள் காய்ச்சல் வந்து 5,000-க்கும் மேற்பட்டோர் செத்தார்கள், வசதியுள்ளவர்கள் ஊரைவிட்டே ஓடிவிட்டார்கள், கடனோ கழுத்துவரை. 1879-ல் டென்னசி சட்டசபை மெம்ஃபிஸ் நகரத்தின் சாசனத்தையே ரத்து செய்தது. நகரம் என்ற சட்ட ஆசாமி இல்லாமல் போய், அதே மண்ணில் வரி மாவட்டம் என்று ஒன்று வந்தது. கடன் கொடுத்தவர்கள் வழக்குப் போட்டார்கள். வசூலாகாத பழைய வரியை நீதிமன்றம் ஆள் வைத்து வசூலித்துக் கொடுக்க முடியாது என்று 1880-ல் தீர்ப்பு வந்தது. மெம்ஃபிஸ் மறுபடி முழு நகரமானது 1893-ல்தான். அலபாமாவின் மொபைல் நகரமும் இதே வேலையைச் செய்து பெயரை மொபைல் துறைமுகம் என்று மாற்றிக்கொண்டது, ஆனால் அங்கே பெயர்தான் புதிது, ஊரும் ஆட்களும் சொத்தும் பழையதுதான், கடனும் கூடவே வரும் என்று 1886-ல் சொல்லிவிட்டார்கள். மெம்ஃபிஸையும் மொபைலையும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகச் செய்ய முடியுமா என்றால் முடியும், கொஞ்சம் மூச்சுப் பிடிக்க வேண்டும்.

மிசௌரியில் நடந்ததுதான் உச்சம். அங்கே கவுண்டி நிர்வாகிகளுக்கு ‘நீதிபதி’ என்றுதான் பட்டம், வரி போடுவதும் அவர்கள் வேலை. செயின்ட் கிளேர் கவுண்டி 2,50,000 டாலருக்கு டீபோ-நியோஷோ ரயிலுக்காகப் பாண்டு கொடுத்தது, ரயில் வரவில்லை. வரி போட மாட்டேன் என்று வாக்குக் கொடுப்பவரையே மக்கள் நீதிபதியாகத் தேர்ந்தெடுத்தார்கள், அவர்களும் வாக்கைக் காப்பாற்றிச் சிறைக்குப் போனார்கள். இது பதிவாகியிருக்கும் உண்மை. மார்ஷலுக்குத் தெரியாமல் காட்டுப் புதருக்குள் ஒளிந்து கவுண்டி கூட்டம் நடத்தினார்கள் என்பது அந்த ஊரில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படுவது, அதில் எவ்வளவு அப்படியே நடந்தது, எவ்வளவு பிறகு சேர்ந்தது என்று பிரித்துப் பார்த்துத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். சிரிப்பாக மட்டும் இருந்ததில்லை. காஸ் கவுண்டியில் நிர்வாகிகள் மக்களைக் கேட்காமல் ரகசியமாகப் புதுப் பாண்டு வெளியிட்டார்கள் என்று தெரிந்ததும், 1872 ஏப்ரல் 24 அன்று கன் சிட்டி என்ற இடத்தில் கும்பல் ஒன்று ரயிலை நிறுத்தி, ஒரு கவுண்டி நீதிபதி, ஒரு வழக்கறிஞர் உட்பட மூன்று பேரைக் கொன்றது. பாண்டு வழக்குகளைப் பத்திரச் சட்டமாக மட்டும் படிக்கிறவர்கள் இதைத் தவறவிட்டுவிடுகிறார்கள்.

பணம் வந்ததா? பெரும்பாலான இடங்களில் வந்தது, ஆனால் காகிதத்தில் போட்டிருந்தபடி வரவில்லை. வருஷக்கணக்கில் இழுத்தபின் இரண்டு பக்கமும் களைத்து, அசலில் கொஞ்சம் தள்ளுபடி, வட்டி குறைவு, பழைய பாண்டுக்குப் பதில் புதுப் பாண்டு என்று சமரசமாகப் போனார்கள். தீர்ப்பின் உண்மையான பயன் இங்கேதான். கெல்ப்கே பணத்தைக் கொண்டுவந்து தரவில்லை, பேரம் பேச உட்காரும்போது பாண்டுக்காரரின் கையைப் பலப்படுத்தியது. அந்தத் தீர்ப்பு இல்லாவிட்டால் ஊர்கள் பேச்சுவார்த்தைக்கே வந்திருக்காது என்பது என் கருத்து. நிரூபிக்க முடியாது, ஆனால் தொழிலில் தினம் பார்ப்பது இதுதான், நிறைவேற்ற முடியாத டிக்ரியைக் கையில் வைத்துக்கொண்டு பாதித் தொகைக்கு ராஜி பேசுவது.

ஒரு ஒப்பீட்டையும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் அடுத்து கேட்கக்கூடியது. இத்தனையும் நகராட்சிக்கும் கவுண்டிக்கும்தான். மாநில அரசே பாண்டு போட்டு ஏமாற்றினால் வழக்குப் போட வழியே இல்லை. மாநிலத்தின் மேல் தனிநபர் வழக்குப் போட முடியாது என்ற பாதுகாப்பு அதற்கு உண்டு. 1890-ல் லூசியானா மாநிலப் பாண்டு வைத்திருந்தவர் இதனால் தோற்றார், அதே 1890-ல் நெவாடாவின் லிங்கன் கவுண்டி, நானும் மாநிலத்தின் பகுதிதானே என்று அதே பாதுகாப்பைக் கேட்டபோது, உனக்கு அது கிடையாது என்று பாண்டுக்காரருக்குச் சாதகமாகச் சொன்னார்கள். பெரிய கடனாளி தப்பித்தான், சின்னக் கடனாளி மாட்டினான். இதற்குச் சட்டக் காரணம் இருக்கிறது, டுபூக் விவசாயியிடம் அதை விளக்கிச் சொல்ல நான் துணிய மாட்டேன்.

படிக்க நேரம் இருந்தால் தீர்ப்பை நேராகவே படியுங்கள். ஸ்வேனை விட்டுவிட்டு மில்லரின் மாறுபட்ட கருத்திலிருந்து தொடங்குங்கள், சிக்கல் எங்கே இருக்கிறது என்று அதில்தான் சுருக்கமாக இருக்கிறது. அப்புறம் 1874 வாட்டர்டவுன் வழக்கையும் எடுத்துக்கொள்ளுங்கள், ராஜினாமா நாடகம் வரிசையாகச் சொல்லப்பட்டிருக்கும். மாண்டமஸ் பகுதியில் ஏதாவது புரியவில்லை என்றால் கேளுங்கள், எனக்கு ஓரளவு பழக்கமான இடம் அதுதான்.